சும்மா இருப்பவன் எழுதியது

மார்ச் 3

அண்ணிக்கு,

உங்கள் போனை நான் ஏன் எடுப்பதில்லை என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் விடாமல் கூப்பிடுகிறீர்கள். போனில் பேசினால் உங்களுக்கு வாய் முந்தும், எனக்குக் கோபம் முந்தும். கடிதம் என்றால் எழுதியதை அடித்துவிடலாம். மேலே இரண்டு வரி அடித்திருக்கிறேன். அது உங்களைத் திட்டியது.

என் நாலு வருட உழைப்பு அந்த இயந்திரம். படுத்த படுக்கையாகக் கிடப்பவரைத் துணித் தொட்டிலில் வைத்து மெல்லத் தூக்கி, பக்கத்து நாற்காலியில் உட்கார வைக்கும். கம்பெனி அதற்குத் 'தாங்கி' என்று பெயர் வைத்தது. பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டிய அன்று, நோயாளியாக நடிக்க எங்கள் மேலாளரே தொட்டிலில் ஏறிப் படுத்தார். மேலே போகும்போது தொண்டையைச் செருமினார். இயந்திரம் பாதியில் நின்றுவிட்டது. கீழே நான் ரிமோட்டை அமுக்குகிறேன். மேலே அவர் சிரித்த முகம் கலையாமல் தொங்குகிறார். மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. சரி, செய்தி என்றால் போடத்தான் செய்வார்கள்.

ஆனால் உங்கள் பத்திரிகையின் 'வாசகர் வாய்' பக்கம்? அறிவியல் செய்திகளைப் படித்துவிட்டு ஊரார் எழுதி அனுப்பும் கிண்டல்களில் எதைப் போடுவது, எதை விடுவது என்று முடிவு செய்வது நீங்கள் ஒருவர்தானே? நீங்கள் போட்டது இது. எவரோ ஒரு 'சும்மா இருப்பவன்' எழுதியது:

"மனிதனை உயர்த்தும் கண்டுபிடிப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். மகிழ்ச்சி. இறக்குவதற்கு யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும்? திரிசங்கு என்றே பெயர் வைத்திருந்தால் வாங்குகிறவர் ஏமாறாமல் இருப்பார்."

இப்போது தாங்கி என்ற பெயர் யார் வாயிலும் இல்லை. வாசல் காவலாளி கூட, "என்னம்மா, திரிசங்கு கீழ வந்துச்சா?" என்கிறார். மேலாளர் கூட்டத்தில் வாய் தவறி அதே பெயரைச் சொல்லிவிட்டு என்னை முறைத்தார்.

அந்த இயந்திரத்தில் ஒன்று உங்கள் வீட்டிலேயே அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. இடுப்பெலும்பு முறிந்து அப்பா படுத்ததிலிருந்து அண்ணனின் முதுகு படும் பாட்டைப் பார்த்துத்தான், சோதனைக்குக் கொடுக்கும் பத்து வீடுகளில் நம் வீட்டையும் சேர்த்தேன். அதை நினைத்தாவது உங்கள் கை நின்றிருக்கலாம்.

இனிமேல் என் இயந்திரத்தைப் பற்றி ஒரு வரி கூட உங்கள் பக்கத்தில் வரக் கூடாது. இதைக் கெஞ்சிக் கேட்பதாக வைத்துக்கொண்டாலும் சரி, மிரட்டுவதாக வைத்துக்கொண்டாலும் சரி.

அப்பா எப்படி இருக்கிறார்? போனில் என்ன கேட்டாலும் "ஜோரா இருக்கேன்" என்கிறார். ஜோராக இருக்கும் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

உங்கள் நாத்தனார்


மார்ச் 8

அன்புள்ள வாண்டு,

முப்பத்தாறு வயதில் வாண்டு என்று கூப்பிடக் கூடாது என்று சொல்லியிருக்கிறாய். கோபம் தணிந்ததும் மாற்றிக்கொள்கிறேன். யாருடைய கோபம் என்று கேட்காதே.

நீ அடித்திருந்த இரண்டு வரியையும் விளக்குக்கு நேராகப் பிடித்துப் படித்துவிட்டேன். இரண்டாவதில் ஓர் எழுத்துப்பிழை இருக்கிறது. மற்றபடி நியாயமாகத்தான் திட்டியிருக்கிறாய்.

தெரியாமல் போட்டுவிட்டேன் என்று நான் புளுகப் போவதில்லை. உன் இயந்திரம் என்று தெரியும். என் மேசையை நீ பார்த்ததில்லை. ஜன்னல் இல்லாத மூலை, ஒரு கால் ஆடும் நாற்காலி, காலையில் திறந்ததும் கணினியில் வந்து குவிந்து கிடக்கும் கிண்டல்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்பார்கள். மூடுவது என் வேலை இல்லை, திறந்துவிட்டுச் சம்பளம் வாங்குகிறவள் நான். தண்ணீர் ஊற்றாவிட்டால் செடிகள் மெல்லிய குரலில் கத்துகின்றன என்று ஒரு செய்தி போட்டோம். "தயவுசெய்து இதை என் மனைவியிடம் சொல்லிவிடாதீர்கள், செடிக்கும் சேர்த்துக் கத்துவாள்" என்று ஒருவர் எழுதினார். அவர் மனைவியும் அதே முகவரியிலிருந்து எழுதியிருந்தார்: "செடி கத்தினால் கேட்கிறதாம் இவருக்கு." எங்கோ ஒரு கிரகத்தில் தண்ணீர் இருக்கலாம் என்ற செய்திக்கு, "அந்தக் கருவியை எங்கள் தெருக் குழாய்க்குள்ளும் ஒரு தடவை விட்டுப் பாருங்கள்" என்று ஒருவர். கதவைத் திறந்தால் உணவு பற்றி அறிவுரை சொல்லும் குளிர்பெட்டிக்கு, "அறிவுரை எத்தனை நாள் கெடாமல் இருக்கும்?" என்று இன்னொருவர்.

இவற்றுக்கு நடுவில் சும்மா இருப்பவனின் வரி வந்தது. படித்ததும் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்த பிறகுதான் உன் முகம் நினைவுக்கு வந்தது. அந்த வாரத்தில் அதைவிட நல்ல வரி இல்லை. உனக்காக அதை விட்டால் என் வேலைக்குத் துரோகம். போட்டால் உனக்கு. நாற்காலியின் ஆடும் காலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு போட்டேன். உன்னிடம் முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்கு மட்டும் மன்னித்துக்கொள்.

நீ கேட்டபடியே செய்கிறேன். இனி உன் இயந்திரத்துக்கு மட்டும் நான் உலைமூடி. சும்மா இருப்பவன் இன்னொன்று அனுப்பியிருக்கிறான். படிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். படித்தேன், ஒதுக்கி வைத்துவிட்டேன். அச்சில் வராது.

மாமா நன்றாக இருக்கிறார். காலையில் அவரைத் தூக்கும் நேரத்தில் நான் ஆபீஸ் பஸ்ஸில் இருப்பேன். உன் அண்ணன் வீட்டிலிருந்தபடியே வரைபட வேலை பார்ப்பதால் அது அவர் பொறுப்பு. "தாங்கி எப்படி மாமா இருக்கு?" என்று கேட்டால், "தாங்குதும்மா" என்கிறார். உன் அண்ணனைக் கேட்டால் "ம்" என்கிறார். அவர் கல்யாணத்தன்றும் அதைத்தான் சொன்னார்.

அண்ணி


மார்ச் 14

அண்ணிக்கு,

எந்த எழுத்துப்பிழை என்று சொல்லியிருக்கலாம். இரண்டு நாளாக அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இனி போட மாட்டேன் என்றதற்கு நன்றி. கோபம் பாதி போய்விட்டது. மீதி இருப்பது கோபமா, பதற்றமா என்று தெரியவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று மறந்துபோகிறது. வரும் வாரம் பெரிய கூட்டம். இயந்திரத்தை ஆஸ்பத்திரிகளுக்கு விற்க ஆரம்பிப்பதா, வேண்டாமா என்று அன்றுதான் முடிவு செய்வார்கள்.

உங்களுக்கு ஒன்று புரிய வேண்டும். அன்று மேலாளர் தொங்கியது பழுதினால் இல்லை. தொட்டிலில் இருப்பவர் நழுவி விழுந்துவிடக் கூடாது என்று நான் யோசித்து வைத்த பாதுகாப்பு அது. திடீரென்று அசைவு தெரிந்தால் இயந்திரம் இருந்த இடத்திலேயே நிற்கும். அசைவு அடங்கிய பிறகுதான் நகரும். மணல் மூட்டைகளை வைத்து எத்தனையோ ஆயிரம் தடவை தூக்கி இறக்கிப் பார்த்துவிட்டோம். ஒரு தடவை கூடத் தவறியதில்லை.

மற்ற ஒன்பது வீடுகளிலும் அடிக்கடி நிற்கிறது என்று புகார் வருகிறது. மேலாளர், "இயந்திரத்துல தப்பு இல்ல, மனுஷங்க பழகணும்" என்கிறார். அவர் அதற்குக் காட்டும் சாட்சி யார் தெரியுமா? நம் அப்பாதான்! ஒவ்வொரு முறை தூக்கும்போதும் இயந்திரம் எங்களுக்கு ஒரு கோடு வரைந்து அனுப்பும். முதல் வாரம் நம் வீட்டுக் கோடும் கோணல்மாணலாகத்தான் வந்தது. அப்புறம் பாருங்கள், அசையாத குளத்தில் படகு போன மாதிரி! கூட்டத்தில் எல்லோரும் அந்தக் கோட்டைத்தான் பார்க்கப் போகிறார்கள்.

அப்பா எப்படிப் பழகினார் என்று கேட்டு எழுதுங்கள். மற்ற வீட்டுக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். போனில் நான் கேட்டதற்கு, "மனச லேசா வெச்சுக்கிட்டா உடம்பும் லேசாயிடும்" என்றார். இதை நான் கம்பெனிக்கு எப்படி எழுதிக் கொடுப்பது?

உங்கள் நாத்தனார்


மார்ச் 20

வாண்டு,

இதை ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். மேசையில் உட்கார முடியவில்லை. மூன்று தாள் கிழித்தாகிவிட்டது. உன் கடிதம் வந்த பிறகு இதைச் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை, சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்கவும் முடியாது.

சில வாரத்துக்கு முன்பே மாடிப்படிக்குக் கீழே கட்டி வைத்திருந்த பழைய பேப்பர்களைக் காணவில்லை. உன் அண்ணன் எடைக்குப் போட்டிருப்பார் என்று விட்டுவிட்டேன். முந்தாநாள் ஆபீசில் சும்மா இருப்பவனிடமிருந்து இப்படி ஒன்று வந்தது:

"நோயாளிகளைத் தூக்கும் இயந்திரத்துக்குப் பழைய செய்தித்தாள்களின் சார்பில் நன்றி. படித்து முடித்த பிறகு எங்களை இவ்வளவு மரியாதையாகத் தூக்கியவர் எவரும் இல்லை."

சிரிப்பு வந்தது, அர்த்தம் புரியவில்லை. உனக்குக் கொடுத்த வாக்குப்படி ஒதுக்கி வைத்துவிட்டேன்.

நேற்று எனக்குத் தலைவலி. பாதி வேலையில் வீட்டுக்கு வந்துவிட்டேன். மாமாவின் அறைக் கதவு திறந்திருந்தது. மாமா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். உன் அண்ணன் கையில் ரிமோட். தொட்டிலில், போர்வையில் சுற்றி, கயிற்றால் கட்டி, என் பழைய பேப்பர் கட்டுகள் ஆடாமல் அசையாமல் மேலே போகின்றன.

"என்னங்க இது?"

"உஷ்! ரெக்கார்டு போயிட்டிருக்கு" என்றார் உன் அண்ணன்.

"எந்த ரெக்கார்டு?"

"தங்கச்சிக்கு. இன்னிக்குக் கணக்குக்கு ரெண்டு தடவை தூக்கணும்."

கட்டு பூப்போல நாற்காலிப் பக்கம் வந்து, அங்கே மாமா இருப்பதால் அவர் மடிமேல் இறங்கப் பார்த்தது. மாமா அதைக் கையால் தள்ளிவிட்டு, "வந்துட்டியாம்மா? காபி போடேன்" என்றார், ஒன்றும் நடக்காதது போல.

நான் காபி போடவில்லை. கதவிலேயே நின்றேன். அப்புறம் உன் அண்ணன்தான் சொன்னார். வாழ்க்கையில் அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. முதல் வாரம் மாமாவைத் தூக்கும்போது அவர் இருமினாராம். நடுவில் நின்றுவிட்டது. நின்றதும் பயம். பயத்தில் உடம்பு நடுங்கியது. நடுங்கினால் அது இறக்காது. இறக்காததால் பயம் இன்னும் கூடியது. பின்பக்கம் கையால் சுற்றி இறக்கும் பிடி இருக்கிறது என்பதே உன் அண்ணனுக்கு அந்த நேரத்தில் நினைவு வரவில்லை. இறங்கியபோது மாமாவின் சட்டை தொப்பலாக நனைந்திருந்ததாம். அதற்குப் பிறகும் இரண்டு தடவை அப்படி ஆனது. அன்றிலிருந்து மாமாவைத் தூக்குவது உன் அண்ணனின் முதுகு. இயந்திரம் தூக்குவது என் பேப்பர் கட்டு.

"ஏன் மாமா, அவகிட்ட சொல்லியிருக்கலாமே?"

"என்னன்னு சொல்றது? நாலு வருஷமா தூக்கம் இல்லாம செஞ்சிருக்கா. அப்பனே வேணாம்னு சொன்னா, வேற யார் வாங்குவாங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"மாமா, அந்தச் சும்மா இருப்பவன் நீங்கதானா?"

"சும்மாதானேம்மா இருக்கேன்" என்றார்.

படுத்தபடியே போனில் ஒரு விரலால் தட்டித் தட்டி எனக்கே அனுப்பியிருக்கிறார். என் மாமனாரின் வரி என்று தெரியாமல் நான் அதை அச்சில் போட்டு, ஊரே சிரித்து, அதற்கு நீ என்னிடம் பேசாமல் இருந்து... தலை சுற்றுகிறது. உன்னிடம் சொல்ல முடியாததை அவர் ஊரிடம் சொல்லியிருக்கிறார். எவனாவது கம்பெனிக்காரன் படித்து, தானாகப் புரிந்துகொண்டு, உன் மனம் நோகாமல் சரிசெய்துவிட மாட்டானா என்று எண்ணம். நான் ஒதுக்கி வைத்த முதல் வரியை இப்போது எழுதுகிறேன். நன்றாகப் படி:

"இந்த இயந்திரத்துக்கு ஏற்ற நோயாளி தும்மக் கூடாது, இருமக் கூடாது, சிரிக்கவும் கூடாது. அப்படி ஒருவர் கிடைத்துவிட்டால் இயந்திரம் எதற்கு? அவரைத் தூக்க நாலு பேர் தாமாகவே வருவார்கள்."

இதில் உன் இயந்திரத்தின் கோளாறு முழுவதும் இருக்கிறது. இதை அமுக்கி வைத்தவள் நான். ஆக, உன் குளமும் படகும் எங்கள் பேப்பர் கட்டு. மாமா உன்னிடம் சொல்லாதே என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். சரி என்றேன். அந்த வாக்கைத்தான் இப்போது மீறுகிறேன். போனில் சொல்லியிருப்பேன். நீ எடுக்க மாட்டாய். கூட்டத்துக்கு முன்னால் இது உன் கைக்கு வந்து சேர வேண்டும்.

அண்ணி


மார்ச் 21

அண்ணி!

கூட்டத்தை இரண்டு நாள் முன்னுக்கு நகர்த்திவிட்டார்கள். நேற்றே முடிந்துவிட்டது. ஒப்புதல் கிடைத்துவிட்டது! முதல் தவணையாக ஆறு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பப் போகிறார்கள். நம் வீட்டுக் கோட்டைப் பெரிய திரையில் போட்டபோது எல்லோரும் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்கள். மேலாளர், "இந்தப் பெரியவர் யாரோ, நமக்கெல்லாம் பாடம்" என்றார். என் அப்பா என்று சொன்னேன். கை தட்டினார்கள்.

அப்பாவிடம் போனில் சொன்னேன். "சந்தோஷம்மா" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. அழுதிருப்பார் என்று நினைக்கிறேன்.

உங்கள் மேல் கோபமெல்லாம் போய்விட்டது. இந்த வாரமே வர முடியுமா என்று பார்க்கிறேன்.

வாண்டு (பரவாயில்லை, கூப்பிட்டுக்கொள்ளுங்கள்)


மார்ச் 25

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் என் சந்தோஷத்தை வழியில் எங்கோ தாண்டி வந்து சேர்ந்தது.

ஒரு தடவை படித்தேன். மறுபடி எடுத்துப் பார்க்கத் தைரியம் இல்லை. ஆனால் எல்லா வரியும் ஞாபகம் இருக்கிறது. நாலு பேர் தாமாகவே வருவார்கள். நல்ல வரி. நீங்கள் அதைப் போட்டிருந்தால் நான் உங்கள் முகத்திலேயே விழித்திருக்க மாட்டேன். போடாததால் இப்போது ஆறு ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏறப் போகிறது. இதில் எதற்கு நான் உங்களைக் கோபித்துக்கொள்வது என்று சொல்லுங்கள்.

மூன்று பேரும் சேர்ந்து என்னைச் சின்னக் குழந்தையாக்கிவிட்டீர்கள். குழந்தை வரைந்த கோணல் படத்தைப் பார்த்து அழகு, அழகு என்பார்களே, அந்த மாதிரி. அண்ணன் முதுகு ஒடிய அப்பாவைத் தூக்குவார், அப்பா மேலே தொங்கிவிட்டு வந்து ஜோரா இருக்கேன் என்பார், கைதட்டல் எனக்கு.

உண்மையைச் சொல்கிறேன். உங்கள் கடிதம் தபாலில் தொலைந்து போயிருந்தால் என்ன என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன். வராத கடிதத்துக்கு நான் பொறுப்பில்லை. மற்ற ஒன்பது வீட்டுக்காரர்களும் போகப் போகப் பழகிவிடுவார்கள் என்று எனக்கே நான் சொல்லிக்கொண்டேன். நம்புவது மாதிரியும் இருந்தது. சோதனைக் கூடத்தில் மணல் மூட்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூட்டைக்கு என்ன பயம்?

யாரிடமும் இன்னும் சொல்லவில்லை. நீங்களும் எதையும் போட வேண்டாம். நான் யோசிக்க வேண்டும்.

பெயர் போடத் தோன்றவில்லை.


மார்ச் 29

வாண்டு,

யோசி. ஆனால் ரொம்ப நாள் யோசிக்காதே. யோசனைக்கு நேரம் இருக்கிறது, லாரிக்கு இல்லை.

நான் போட மாட்டேன். அது உன் வாயால் வர வேண்டியது. ஆனால் வண்டி கிளம்பிவிட்டது என்று ஒரு செய்தி என் காதுக்கு வந்தால், வாக்கும் வேண்டாம், உறவும் வேண்டாம் என்று போட்டுவிடுவேன். இதைக் கெஞ்சிக் கேட்பதாக வைத்துக்கொண்டாலும் சரி, மிரட்டுவதாக வைத்துக்கொண்டாலும் சரி.

மாமா இரண்டு நாளாக எதையும் எழுதி அனுப்பவில்லை. நிலாவில் வீடு கட்டப் போகிறார்கள் என்று செய்தி போட்டோம். அதற்குக் கூட ஒன்றும் வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அண்ணி


ஏப்ரல் 2

அண்ணி,

நான் வந்துவிட்டுப் போனது இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் ஆபீசிலிருந்து வருவதற்குள் கிளம்பிவிட்டேன். வேண்டுமென்றுதான். உங்களைப் பார்த்திருந்தால் அழுதிருப்பேன். அழுதுவிட்டால் கம்பெனிக்குப் போய்ப் பேச எனக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. ரயில் தாமதம். நடைமேடை இரும்புப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அண்ணன் கதவைத் திறந்ததும் என் பையைக் கூட வாங்காமல், "சொல்லிட்டாளா?" என்றார். ம் என்றேன். நானும் அந்தக் குடும்பம்தானே.

அப்பா என்னைப் பார்த்ததும் தலையணையில் நிமிர்ந்தார்.

"காலையில தூக்கியாச்சும்மா. ஜோரா போச்சு."

"இன்னொரு தடவை தூக்கலாம்ப்பா. நான் பார்க்கணும்."

"எதுக்கு? அதான் ரெக்கார்டு வருதே."

நான் கட்டிலுக்கு அடியில் குனிந்து பேப்பர் கட்டை வெளியே இழுத்தேன். அப்பா போர்வையை விலக்கிவிட்டு, தானே தொட்டில் துணியைப் பிடித்தார்.

மேலே போகும்போது அவர் முகம் சிவந்துகொண்டே வந்தது. என்ன என்று முதலில் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. இருமலை அடக்குகிறார், அண்ணி. என் இயந்திரம் என் கண் முன்னால் நின்றுவிடக் கூடாது என்று வாயை இறுக மூடிக்கொண்டு, கண்ணில் நீர் வழிய அடக்குகிறார். "இருமுங்கப்பா" என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினார். "அப்பா, இருமுங்க!" என்று கத்தினேன். வெடித்து வந்தது. இயந்திரம் நின்றது.

நான் ரிமோட்டைத் தொடவில்லை. எதற்காக வந்தேனோ அதைப் பார்க்க வேண்டும் அல்லவா? அப்பா அந்த நிலையிலும் பேசிக்கொண்டே இருந்தார். "உங்க அண்ணனுக்கு உச்சியில வழுக்கை விழுந்திருக்கு, மேல வந்தாத்தான் தெரியுது. மின்விசிறியில எவ்வளவு தூசி பாரு." வாய் சிரிக்கிறது. ஆனால் என் கண்ணுக்கு நேரே இருந்தவை அவருடைய பாதங்கள். பத்து விரலும் எதையோ பிடித்துக்கொள்வது போல உள்பக்கமாக மடங்கியிருந்தன. பிடித்துக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை.

பின்பக்கத்துப் பிடியைச் சுற்றி இறக்கினேன். எவ்வளவு கனம் தெரியுமா அந்தப் பிடி? அதை வரைந்தவள் நான். அவசரத்தில் ஒரு மனிதன் அதைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இறங்கிய பிறகு அப்பா, "கோவமா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவருக்கும் அது பொய் என்று தெரியும். ஒருவருக்கொருவர் பொய் சொல்வதில் எங்கள் வீட்டை யாரும் மிஞ்ச முடியாது.

நாளைக்குக் காலையில் மேலாளரிடம் சொல்லப் போகிறேன். வேலை போனாலும் போகட்டும் என்று எழுத ஆசைதான். ஆனால் போனால் எத்தனை மாதம் தாங்குவேன் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். ரயில் வருகிறது.

வாண்டு


ஏப்ரல் 9

அண்ணி,

சொல்லிவிட்டேன். வேலை போகவில்லை.

அறையில் ஏழெட்டுப் பேர். பேப்பர் கட்டு விஷயத்தைச் சொல்லி முடித்ததும் ஒருவர் சிரித்தார். சிரித்தவரை மற்றவர்கள் பார்த்தார்கள். மேலாளர், "உங்க குடும்பத்துக்கே கம்பெனி நன்றிக்கடன் பட்டிருக்கு" என்றார். நன்றி என்ற சொல்லை அவ்வளவு கசப்பாக நான் கேட்டதில்லை. நான் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "அன்னிக்கு நீங்க மேல தொங்கினப்போ பயமா இல்லையா சார்?" பேனாவை மூடி வைத்துவிட்டு, "அதை மறக்கத்தான் பார்க்கிறேன்" என்றார். அன்று மாலையே வண்டிகளை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

பொறுப்பை என்னிடமிருந்து வாங்கி வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள். நான் இனி சோதனைக் கூடத்தில், அவருக்குக் கீழே. வலிக்கிறது. ஆனால் கூடத்தில் மணல் மூட்டைகளை ஓரமாக ஒதுக்கச் சொன்னது நான்தான். இப்போது நாங்களே ஏறிப் படுக்கிறோம். தும்மல் வர மூக்கில் காகிதத் திரியை விட்டுக்கொள்கிறோம். பார்க்கச் சகிக்காது.

வரும் வாரம் ஆள் வந்து நம் வீட்டு இயந்திரத்தை எடுத்துப் போவார்கள். அதுவரை அப்பாவை அதில் ஏற்ற வேண்டாம். அண்ணன் முதுகுக்கு ஒத்தாசையாகக் காலையில் ஓர் ஆளை வரச் சொல்லியிருக்கிறேன். மறுக்க வேண்டாம்.

நாலு பேர் வரியைப் போட்டுவிடுங்கள். அது சரியான வரி.

வாண்டு


ஏப்ரல் 16

அன்புள்ள வாண்டு,

போட்டுவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை, முதல் இடத்தில். மாமா பார்த்துவிட்டு, ஒரு கமாவை எடுத்துவிட்டாய் என்று என்னோடு சண்டை. வாசகர்கள் எழுதித் தள்ளுகிறார்கள். அதில் இரண்டு பேர் உன் ஒன்பது வீட்டில் இருப்பவர்கள் என்று நினைக்கிறேன். அவர்கள் எழுதியது கிண்டலாக இல்லை. உனக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

உன் பேச்சை நாங்கள் கேட்கவில்லை என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆட்கள் நேற்று இயந்திரத்தை எடுக்க வந்தார்கள். மாமா அவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை" என்றார். முடியாது என்றேன். உன் அண்ணனும் முடியாது என்றார். "நான் இதுவரைக்கும் அதுல ஒழுங்கா ஏறுனதே இல்லம்மா. ஏறினதெல்லாம் நடிப்பு. ஒரு தடவை நிஜமா ஏறிட்டு அவளுக்குச் சொல்லணும்" என்றார். நான்தான் தொட்டில் துணியை விரித்தேன்.

ஒரு பக்கம் உன் அண்ணன் தயாராக நின்றார். பின்பக்கத்துப் பிடியில் என் கை. இருமச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அதுவாகவே வந்தது. இயந்திரம் நின்றுவிட்டது. நான் பிடியைச் சுற்றப் போனேன். மாமா கையைக் காட்டி நிறுத்தினார்.

"இரு. பேனா வெச்சிருக்கியா?"

"இருக்கு மாமா."

"எழுதிக்கோ. இது உன் பக்கத்துக்கு இல்ல. அவளுக்கு."

வழக்கம் போல ஏதாவது கேலி வரும் என்று நான் சிரிக்கத் தயாராக இருந்தேன். மின்விசிறியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். உதடு இரண்டு தடவை அசைந்து நின்றது. உன் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் மாமா பேசினார். எழுதி முடித்ததும் இறக்கிவிட்டோம். வந்த ஆட்கள் அவிழ்த்துக் கொண்டுபோனார்கள். அவர் சொன்னதில் ஒரு சொல்லைக் கூட நான் மாற்றவில்லை:

"அம்மாடி, மேல நின்னுட்டா எனக்கு ரொம்ப பயமா இருக்கு. கீழ எல்லாரும் இருக்கீங்க, ஆனா ஒருத்தர் கையும் என் மேல படல. அதுதான் பயம். இரும்பு தூக்கட்டும், அதுல ஒண்ணும் இல்ல. நிக்கறப்ப யாரோ ஒருத்தர் என் கையப் பிடிச்சுக்கற உயரத்துல நிக்கட்டும். அப்படிச் செய்ய முடியுமான்னு பாரு. முடியலேன்னா முடியலேன்னு சொல்லு. நானும் இனிமே வலிச்சா வலிக்குதுன்னு சொல்றேன்."

அண்ணி